விளையாட்டு உலகின் சார்புநூல்கள்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்துக் காட்டினார் பவணந்தி முனிவர். முதலும் வழியும் ஆகிய இரண்டோடும் ஒருபுடை ஒத்து, ஏனையவற்றில் தன்வழியே வேறுபட்டுச் செல்வது சார்புநூல். புடைநூல் என்றும் அதற்குப் பெயர் உண்டு. நன்னூற் பாயிரத்தை நடத்தும்போது இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது நம்மிற் பலர்க்கும் வழக்கம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு மேல் இதற்கு மதிப்பில்லை என மாணவர்களும் எண்ணிக்கொள்வர். ஆனால், முதல்நூலுக்கு உரியவர் யார், அதனைச் சார்ந்து எழுதும் உரிமை எவர்க்கு உண்டு, எழுதியதை விற்கும் உரிமை எவர்க்கு உண்டு என்னும் வினாக்கள் அமெரிக்க நாட்டில் வழக்குமன்றம் வரை சென்றிருக்கின்றன. அவ்வினாக்களுக்கு உட்பட்டவை இலக்கண நூல்களும் அல்ல, காப்பியங்களும் அல்ல. ஒரு மேசை விளையாட்டின் விதிநூல்களும் அவற்றைச் சார்ந்து பிறர் எழுதி வெளியிட்ட துணைநூல்களுமே அவை. அவ்வழக்கின் பெரும்பகுதி நீதிபதியின் முன்னிலையில் நடக்கவில்லை. சிறு கடைகளின் தட்டுகளில் நடந்தது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

விளையாட்டின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. நிலவறைகளும் பறக்கும் நாகங்களும் என்று பொருள் கொள்ளலாம். நம் இளைஞர்களிலும் சிலர் இதனை ஆடுகின்றனர். மாணவர் பையிலிருந்து இருபது முகங்கொண்ட பகடை ஒன்று உருண்டு விழக் கண்டு வியந்த ஆசிரியர்கள் இருக்கக்கூடும். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடுவர், ஏனையோர் ஒவ்வொருவரும் போர்வீரன், மந்திரவாதி, பூசகர் எனக் கதைமாந்தர் ஒருவரைத் தமதாக்கிக் கொள்வர். நடுவர் ஓர் இடத்தை விவரிப்பார். “கதவைத் திறக்கிறேன்,” என்பார் ஒருவர். திறந்ததா, உள்ளே என்ன இருந்தது, பாய்ந்த விலங்கின் நகம் பட்டதா என்பதைப் பகடையும் விதியும் நடுவரின் கற்பனையும் சேர்ந்து முடிவு செய்யும். வென்றவர், தோற்றவர் என்று எவரும் இலர். கதை ஒரே மாலையில் முடிவதும் உண்டு. பத்தாண்டுகள் தொடர்வதும் உண்டு. இதற்கு வேண்டுவன விதிநூல், பகடை, தாள், எழுதுகோல் ஆகியவை மட்டுமே. துணைநூல் என்பது இவற்றுக்கு மேல் வருவது. ஒரு கோட்டையின் வரைபடம், ஒரு நகரத்தின் விவரம், புதிய விலங்குகளின் பட்டியல், ஆயத்தமாக அமைக்கப்பட்ட ஒரு கதை என அது பலவகைப்படும். வேலை முடிந்து வீடு திரும்பும் நடுவர்க்கு ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய கோட்டையைக் கட்டி எழுப்ப நேரம் ஏது? அந்த நேரக்குறைவில்தான் துணைநூல் வணிகம் பிறந்தது.

போர்ப்பயிற்சிக்காகப் பிரஷிய நாட்டுப் படைத்தலைவர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆடிய மேசைப் போரும், எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913ஆம் ஆண்டில் பொம்மைப் படைவீரர்களைக் கொண்டு ஆடுவதற்கு எழுதிய விதிநூலும் இவ்விளையாட்டின் முன்னோர் ஆவர். அவ்வழியில் வந்தவர் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ். மினசோட்டாவில் வாழ்ந்த டேவ் ஆர்னெசன், ஒருவர் ஒரு படையை நடத்துவதற்கு மாறாக ஒருவர் ஒரே மாந்தரை நடத்தும் முறையை வளர்த்திருந்தார். இருவர் முயற்சியும் இணைந்து, 1974ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக வெளிவந்தது. விலை 10 அமெரிக்க வெள்ளி. அச்சிட்டவை 1,000 படிகள். பெட்டிகளை அவர்களே கையால் அடுக்கினர். வெளியிட்ட நிறுவனமாகிய டி.எஸ்.ஆர்., நண்பர்கள் சிலர் கைப்பணம் போட்டுத் தொடங்கிய ஒன்று. அம்முதற் பதிப்பில் ஒரு செய்தி நோக்கத்தக்கது: இனி வேண்டுவனவற்றை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று ஆடுவோர்க்கு ஆசிரியர்களே அறிவுரை கூறியிருந்தனர். கற்பனை செய்ததை அச்சிட்டு விற்கலாமா என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் கூறவில்லை. பின்வந்த பூசல்கள் அனைத்துக்கும் வித்து அந்த மௌனமே.

பெட்டியை எங்கே விற்பது? புத்தகக் கடைக்காரர்க்கு இது புத்தகமா என்ற ஐயம். பொம்மைக் கடைக்காரர்க்கு இது பொம்மையா என்ற ஐயம். இதற்கு இடமளித்தவை பொழுதுபோக்குப் பொருட்கடைகளே. சிறிய விமானங்கள், புகைவண்டிகள், ஈயப் படைவீரர்கள், அவற்றுக்குப் பூசும் வண்ணங்கள், பசை முதலியவற்றை விற்ற கடைகள் அவை. கடையின் பின்புறத்தில் ஒரு மேசை இருக்கும். அங்கே சனிக்கிழமைதோறும் இளைஞர்கள் கூடுவர். கடைக்காரர்க்கு வணிகம் வேறு, நட்பு வேறு என்ற பாகுபாடு அவ்வளவாக இருந்ததில்லை.

அம்மேசைகள் வெறும் விற்பனை உத்தி அல்ல என்பதற்குக் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரில் இருந்த ‘ஏரோ ஹாபிஸ்’ என்ற கடையே சான்று. மூல விதிநூலில் மூவகை மாந்தரே இருந்தனர். பூட்டைத் திறக்கவும் நிழலில் மறையவும் வல்ல கள்வன் என்னும் நான்காம் வகையை அக்கடையில் ஆடிய இளைஞர்கள் வகுத்தனர். கடையை நடத்திய கேரி சுவிட்சர் 1974ஆம் ஆண்டில் தொலைபேசி வழியே அதனைக் கைகாக்ஸுக்குத் தெரிவித்தார். மறு ஆண்டு டி.எஸ்.ஆர். வெளியிட்ட ‘கிரேஹாக்’ என்னும் முதல் துணைநூலில் கள்வன் இடம்பெற்றான். இன்று கணினி விளையாட்டுகள் பலவற்றிலும் உலவும் கள்வனின் பிறப்பிடம் ஒரு கடையின் மேசை என்பது பலர்க்கும் தெரியாது. ஆகவே, முதல்நூலே தன் இரண்டாம் ஆண்டில் பிறரிடம் கடன் பெற்றது எனலாம். இதனை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் நடந்தவற்றை எடைபோட எளிதாகும்.

டி.எஸ்.ஆர். நிறுவனமும் 1976ஆம் ஆண்டில் லேக் ஜெனீவாவின் வில்லியம்ஸ் தெருவில் இருந்த ஒரு வீட்டில் ‘டஞ்சன் ஹாபி ஷாப்’ என்று சொந்தக் கடை ஒன்றைத் திறந்தது. இலண்டனில் ஒரு வாடகை வீட்டில் மரப்பலகை விளையாட்டுகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்த நண்பர் மூவர் 1975ஆம் ஆண்டில் இவ்விளையாட்டில் ஆறே ஆறு பெட்டிகளைத் தருவித்தனர். அந்தச் சிறு கொள்முதலோடு ஐரோப்பா முழுமைக்குமான விற்பனை உரிமையையும் பெற்றனர்! அவர்கள் தொடங்கிய ‘கேம்ஸ் ஒர்க்‌ஷாப்’ 1978ஆம் ஆண்டில் இலண்டன் ஹேமர்ஸ்மித் பகுதியில் தன் முதற்கடையைத் திறந்தது. ஆறு பெட்டிக்கு ஒரு கண்டத்தையே எழுதிக் கொடுத்தவர்கள் தங்கள் விளையாட்டின் எதிர்காலத்தை எவ்வளவு சிறிதாக எண்ணியிருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறே சிறிதாக எண்ணிய இன்னொரு நிகழ்ச்சியில்தான் பிறர் துணைநூல்களின் வரலாறு தொடங்குகிறது. இல்லினாய் மாநிலத்து டெக்கேட்டர் நகரைச் சேர்ந்த பாப் பிளெட்சா, பில் ஓவன் ஆகிய இருவர் 1976ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் லேக் ஜெனீவாவுக்கு வந்தனர். அமெரிக்கா விடுதலை பெற்ற 200ஆம் ஆண்டு நிறைவு நாள் அது. நடுவர்களுக்கு உதவும் வரைபடங்களையும் விவரங்களையும் அச்சிட்டு விற்க விரும்புகிறோம் என்று அவர்கள் கேட்டனர். அப்போது அங்கே பணியாற்றிய ஆர்னெசன் வாய்மொழியாக இசைந்தார். ஆயத்தமான விவரங்களை எவர் விலை கொடுத்து வாங்கப் போகிறார்கள், தமக்கு வேண்டியதை ஒவ்வொரு நடுவரும் தாமே படைத்துக்கொள்வாரே என்பதே அன்று அந்நிறுவனத்தாரின் எண்ணம். இருவரும் தொடங்கிய ‘ஜட்ஜஸ் கில்ட்’, அதாவது நடுவர் சங்கம், அடுத்த திங்களிலேயே ஆண்டு விளையாட்டு மாநாட்டில் ஒரு பெரிய நகர வரைபடத்தை விற்கத் தொடங்கியது. வெல்லற்கரிய தலைவனின் நகர அரசு என்பது அதன் பெயர். உறுப்பினராகச் சேர்ந்தோர்க்குத் தொடர் தவணைகளாக மேலும் பல பகுதிகள் அஞ்சலில் சென்றன.

அந்நகரத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். தெருத்தெருவாகக் கடைகளும் சத்திரங்களும் கோயில்களும் பெயரோடு குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இருப்பவர் யார், அவர் எப்படிப்பட்டவர், அங்கே உலவும் வதந்தி என்ன என்பனவும் எழுதப்பட்டிருந்தன. மதுரையின் அங்காடித் தெருக்களை வரிசையாகக் காட்டும் மதுரைக்காஞ்சியையும், கோவலன் நகர்வலம் வரும் ஊர்காண் காதையையும் பயிற்றுவிக்கும் நமக்கு இம்முறை புதிதன்று. கதைக்கு முன்னே ஊரைக் கட்டுவது பழைய கலை. ஆனால் அவ்விளையாட்டுக்கு அது புதிது. முதல்நூல் நிலவறையைத் தந்தது. சார்புநூல் நிலத்தின் மேலே ஒரு நகரத்தைத் தந்தது.

விற்பனை அனைவரையும் வியக்க வைத்தது. வாய்மொழி இசைவு முறையான உரிமமாயிற்று, விளையாட்டோடு பயன்படுத்த ஒப்புதல் பெற்றது என்ற வாசகம் அட்டையில் ஏறியது, டி.எஸ்.ஆருக்கு உரிமைத்தொகையும் சென்றது. கடைக்காரர்களுக்கு இது நல்வரவு. ஒரு முறை பெட்டியை வாங்கிச் சென்றவர் மறுபடி கடைக்கு வர வேண்டிய தேவை இல்லை. ஆனால் திங்கள்தோறும் புதிய துணைநூல் வருமானால் அவரும் திங்கள்தோறும் வருவார். பொழுதுபோக்குப் பொருட்கடையின் ஒரு மூலையில் கிடந்த விளையாட்டு, தனக்கென ஒரு தட்டைப் பெற்றது இவ்வாறுதான். தனித்து வெளியிடப்பட்ட முதல் ஆயத்தக் கதையும் டி.எஸ்.ஆரின் படைப்பு அன்று. ‘வீ வாரியர்ஸ்’ என்னும் சிறு வெளியீட்டார் 1976ஆம் ஆண்டில் கொண்டுவந்த இரத்தக்காட்டேரி அரசியின் அரண்மனை பற்றிய நூல் அது. டி.எஸ்.ஆர். தன் தனிக்கதை நூல்களை வெளியிடத் தொடங்கியது 1978ஆம் ஆண்டில்தான். எவரும் வாங்கார் என்று எண்ணிய பொருளை எல்லாரும் வாங்குகின்றனர் என்று பிறர் மெய்ப்பித்துக் காட்டிய பின்னரே முதல்நூலார் விழித்தனர்.

விழித்ததும் கதவைச் சாத்தினர். இதனை வணிக இயல்பு என்று விட்டுவிடலாம். ஆயினும் நன்றி என்ற சொல் அகராதியில் இருக்கிறதல்லவா? நடுவர் சங்கத்தின் உரிமம் 1980ஆம் ஆண்டில் ஒரு பகுதியும் 1982ஆம் ஆண்டில் மறு பகுதியுமாகப் புதுப்பிக்கப்படாமல் போயிற்று. சில ஆண்டுகளில் அச்சங்கம் ஓய்ந்தது. கலிபோர்னியாவின் டேவ் ஹார்கிரேவ் உரிமம் கேட்கும் வழக்கத்தையே மேற்கொள்ளவில்லை. வியட்நாம் போரில் பணியாற்றித் திரும்பியவர் அவர். 1977ஆம் ஆண்டில் ‘ஆர்டுயின்’ என்னும் தம் கற்பனை உலகை நூலாக்கினார். வழக்கறிஞர் கடிதம் வந்தது. முதல்நூலின் பெயர் வரும் இடங்களில் வெள்ளை மை பூசி மறைத்து அவர் விற்பனையைத் தொடர்ந்தார். பெயர் மறைந்ததே அன்றிப் பொருள் மறையவில்லை. வாங்கியவர் அனைவர்க்கும் வெள்ளை மையின் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும்.

இவ்விடத்தில் சட்டத்தின் நிலையைச் சுருங்கக் கூற வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு விளையாட்டை ஆடும் முறைக்குப் பதிப்புரிமை இல்லை. அம்முறையை விளக்கும் சொற்களுக்கே உண்டு. விளையாட்டின் பெயரோ வணிகக்குறி என்னும் வேறு வகையில் காக்கப்படுகிறது. ஆகவே, பிறர் விளையாட்டுக்குத் துணைநூல் எழுதுபவர் சொற்களைப் படியெடுக்காமலும், பெயரைத் தம் பெயர்போல ஆளாமலும் இருந்தால் அவரைத் தடுப்பது எளிதன்று. ஆனால் எளிதன்று என்பதற்கும் இயலாது என்பதற்கும் இடையே வழக்கறிஞர் கட்டணம் என்ற ஆழ்ந்த அகழி இருக்கிறது. அந்த அகழியைத் தாண்டத் துணிந்தவர் சிகாகோவின் ‘மேஃபேர் கேம்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கிய டார்வின் பிராம்லி. அவரே வழக்கறிஞர்! 1982ஆம் ஆண்டிலிருந்து அவர் நிறுவனம் துணைநூல்களை வரிசையாக வெளியிட்டது. 1984ஆம் ஆண்டில் இரு சாராரும் வணிகக்குறியை எவ்வாறு அச்சிடலாம் என்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1991ஆம் ஆண்டில் டி.எஸ்.ஆர். வழக்குத் தொடுத்தது. சில நூல்களில் உடன்படிக்கை மீறப்பட்டது உண்மையே, ஆயினும் உடன்படிக்கையே முறிந்துவிடவில்லை என்ற வகையில் 1993ஆம் ஆண்டில் தீர்ப்பு அமைந்தது. தோற்கடிக்க முடியாத வரிசையை டி.எஸ்.ஆர். விலை கொடுத்து வாங்கியது, வாங்கி அடக்கியது.

அதே காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஒரு சிறு வழக்கு, அன்று எவர் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய பீட்டர் அட்கிசன் என்பவர் 1990ஆம் ஆண்டில் நண்பர்களோடு ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1992ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முதல் நூலே ஒரு சார்புநூல்தான். கற்பனை உலகின் தெய்வங்களைப் பற்றிய அந்நூலைப் பல்வேறு விளையாட்டுகளோடும் இணைத்து ஆடும் வழியைப் பின்னிணைப்பாகக் கொடுத்திருந்தனர். அவ்விளையாட்டுகளுள் ஒன்றுக்கு உரிய ‘பல்லேடியம்’ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. முளைவிட்ட நிறுவனம் கருகும் நிலைக்கு வந்தது. 1993ஆம் ஆண்டில் இணக்கம் ஏற்பட்டது. அதே ஆண்டில் அந்நிறுவனம் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வகுத்த ‘மேஜிக்’ சீட்டு விளையாட்டை வெளியிட்டது. அது விற்ற வேகத்தில் பொழுதுபோக்குப் பொருட்கடைகளின் முகமே மாறிற்று. புகைவண்டிப் பொம்மைகள் இருந்த கண்ணாடிப் பெட்டிகளில் சீட்டுகள் ஏறின. அன்று முதல் பல கடைகளின் வாடகையைச் சீட்டுகளே கட்டி வருகின்றன.

டி.எஸ்.ஆர். தன் நூல்களைத் தானே ஒன்றோடொன்று போட்டியிட வைத்து, விற்காத நூல்கள் புத்தகக் கடைகளிலிருந்து திரும்பி வர, அச்சகத்தார்க்குக் கடன்பட்டு, 1997ஆம் ஆண்டில் கைமாறியது. வாங்கியவர் யார்? வழக்கில் சிக்கித் தப்பிய அட்கிசனின் நிறுவனம்! சார்புநூல் எழுதியதற்காக வழக்குமன்றம் கண்டவர் கையில் முதல்நூல் வந்து சேர்ந்தது. கதையாக எழுதினால் நம்பமாட்டோம்.

அந்நிறுவனத்தில் இவ்விளையாட்டின் வணிகப் பொறுப்பை ஏற்ற ரையன் டான்சி ஒரு புதுக்கணக்குப் போட்டார். ஆயத்தக் கதைகளை வெளியிடுவதில் பெரு நிறுவனத்துக்கு ஆதாயம் குறைவு; ஏனெனில் நடுவர் ஒருவர் மட்டுமே அதை வாங்குவார். விதிநூலையோ மேசையைச் சுற்றியுள்ள அனைவரும் வாங்குவர். ஆகவே, கதைகளைப் பிறர் எழுதட்டும். எவர் எழுதினாலும் அதை ஆடுவதற்கு நம் விதிநூல் வேண்டும் அல்லவா? கணினி உலகில் கட்டற்ற மென்பொருளுக்காக வகுக்கப்பட்ட உரிமமே இதற்கு முன்மாதிரி. இவ்வாறு 2000ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்போடு ‘திறந்த விளையாட்டு உரிமம்’ வெளிவந்தது. விதிகளின் பெரும்பகுதியை எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம். தாமும் புதியன சேர்க்கலாம். சேர்த்ததைப் பிறர் எடுத்தாளவும் விடலாம். இருபது முகப் பகடையின் பெயரால் அமைந்த முத்திரையை அட்டையில் இட விரும்புவோர்க்கு மட்டும் வேறு சில நிபந்தனைகள் இருந்தன. அவற்றுள் முதன்மையானது, மாந்தரைப் படைக்கும் விதிகளை அந்நூலில் அச்சிடலாகாது என்பது. அதற்கு மூல விதிநூலைத்தான் வாங்க வேண்டும்.

இவ்வுரிமத்தின் ஒரு விதி தமிழாசிரியர் கருத்தைக் கவரும். எந்தெந்த நூலிலிருந்து எடுத்தாண்டோம் என்ற பட்டியலை ஒவ்வொரு நூலின் இறுதியிலும் அச்சிட வேண்டும்; அந்நூல்கள் எவற்றிலிருந்து எடுத்தாண்டன என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும். நூல் எவ்வழி வந்தது என்பதைச் சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்தது போன்றதே இது. சில நூல்களில் இப்பட்டியல் ஒரு முழுப் பக்கத்தையும் நிரப்பியது. வழிமுறையைப் படித்துக்கொண்டே போனால் தாத்தாவின் தாத்தா வரை செல்லலாம்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாநாட்டில் விதிநூல் வெளியான அதே நேரத்தில் ஜான் டைன்ஸ் எழுதிய ஒரு கதையும் கிறிஸ் பிரமாஸ் எழுதிய மற்றொரு கதையும் வேற்று வெளியீட்டார் பெயரில் விற்பனைக்கு வந்தன. கடைக்காரர்கள் அள்ளிக்கொண்டனர். விலங்குகள் பற்றிய மூலநூல் கடைக்கு வருமுன்னரே பிறர் எழுதிய விலங்குத் தொகுதி ஒன்று வந்துவிட்டது. அம்முத்திரை உள்ள எதுவும் விற்கும் என்ற நிலை ஓரிரு ஆண்டுகள் நீடித்தது. புதிய வெளியீட்டார் நாள்தோறும் தோன்றினர். நல்ல நூல்கள் வந்தன என்பதில் ஐயமில்லை. சரிபார்க்கப்படாத, அவசரமாகத் தைக்கப்பட்ட நூல்கள் அவற்றினும் மிகுதியாக வந்தன. அட்டையில் எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. கடைக்காரர் எதைக் கொண்டு இனம் காண்பார்?

கடைக்காரரின் கணக்கை ஈண்டு நோக்குதல் வேண்டும். புத்தக வணிகத்தில் விற்காத படியைத் திருப்பி அனுப்பலாம். பொழுதுபோக்குப் பொருள் வணிகத்தில் பொதுவாக அவ்வழக்கம் இல்லை, வாங்கியது வாங்கியதுதான். 20 வெள்ளி விலையுள்ள நூலை மொத்த விற்பனையாளரிடம் 11 வெள்ளிக்கு வாங்குகிறார் என்று கொள்வோம். மூன்று படிகளுக்கு 33 வெள்ளி. ஒன்று விற்றால் 13 வெள்ளி நட்டம். இரண்டு விற்றால் 7 வெள்ளி மிச்சம். வாடகையும் மின்கட்டணமும் அதற்குள் அடங்க வேண்டும். மூன்றும் விற்றால்தான் 27 வெள்ளி. திங்களுக்கு ஐந்து நூல் வரும்போது இக்கணக்கை மனத்தில் வைத்திருக்க முடியும். ஐம்பது வரும்போது எந்த நூலில் மூன்றாம் படி தங்கிற்று என்று எவரால் நினைவில் கொள்ள இயலும்? தட்டு நிறைந்திருப்பதைக் கண்டு வணிகம் செழிக்கிறது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. தட்டில் நிறைந்திருந்தது அவர்களுடைய முதல்!

2003ஆம் ஆண்டு சூலையில் மூல நிறுவனம் திருத்திய பதிப்பை வெளியிட்டது. அதனை ‘மூன்றரைப் பதிப்பு’ என்றே அழைத்தனர். மாற்றங்கள் பெரியவை அல்ல. ஆயினும் பழைய பதிப்புக்கு எழுதப்பட்ட துணைநூல்கள் எல்லாம் ஒரே நாளில் பழையனவாகத் தோன்றின. வாங்குவோர் காத்திருந்தனர், பிறகு வாங்காமலே இருந்தனர். 25 வெள்ளி நூல் 5 வெள்ளிக்குத் தள்ளுபடிக் கூடையில் விழுந்தது. வெளியீட்டார் பலர் மறைந்தனர். உரிமம் எழுதியவர்களோ, எழுத்தாளர்களோ அல்லர், அக்கூடையின் விலையைத் தம் கைப்பணத்தால் கட்டியவர்கள், கடைக்காரர்களே. திறந்த உரிமத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த ஒரு செய்தியை மட்டும் ஏனோ இரண்டு வரியில் முடித்துவிடுகின்றனர். கதவைச் சாத்தியபோது நலிந்தவர் எழுத்தாளர். அகலத் திறந்தபோது நலிந்தவர் வணிகர். இரண்டையும் நோக்கினால் திறந்த கதவே மேல் என்பது என் கருத்து. ஆனால் வெள்ளம் வரும் என்று முன்னறிவித்திருக்க வேண்டிய கடமை கதவைத் திறந்தவர்க்கு இருந்தது.

திறந்த கதவே மேல் என்பதற்குப் பின்வந்த நிகழ்ச்சி ஒன்றே போதும். 2008ஆம் ஆண்டில் நான்காம் பதிப்பு வந்தது. மூல நிறுவனம் பழைய உரிமத்தை விட்டுக் கெடுபிடிகள் மிகுந்த புதிய உரிமம் ஒன்றைக் கொணர்ந்தது. விளையாட்டோ பெரிதும் மாறியிருந்தது. பழைய முறையை விரும்பியவர் பலர். அவர்களுக்காக ‘பைசோ’ என்னும் வெளியீட்டார், 2000ஆம் ஆண்டு உரிமம் இன்னும் செல்லும் என்ற துணிவில் பழைய விதிகளை எடுத்துச் செப்பனிட்டு 2009ஆம் ஆண்டில் ‘பாத்ஃபைண்டர்’ என்ற பெயரில் வெளியிட்டனர். மூல நிறுவனத்தின் இதழ்களை 2007ஆம் ஆண்டு வரை உரிமம் பெற்று நடத்தியவர்கள் அவர்கள். நன்னூல் வழக்கில் சொன்னால் சார்புநூல் வழிநூலாயிற்று. 2011ஆம் ஆண்டில் கடை விற்பனைப் பட்டியலில் முதல்நூலையே முந்தியது. மூல நிறுவனம் 2014ஆம் ஆண்டில் ஐந்தாம் பதிப்பை எளிமையாக்கி வெளியிட்டது. 2016ஆம் ஆண்டில் அதன் விதிகளையும் பழைய திறந்த உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. இதற்கிடையே கணினி வழியே மின்னூலாக வாங்கும் வழக்கம் பரவியதால் கடைகளைத் தொடாமலே விற்கும் துணைநூல்கள் பெருகின. அச்சு நூலைக் கடையில் வாங்குவோர்க்கு மின்னூலை இலவசமாகத் தர வெளியீட்டார் சிலர் உடன்பட்டது கடைக்காரர்க்கு ஓரளவு ஆறுதல்.

2023ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில், மூல நிறுவனம் எழுதிய புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது. ஆண்டு வருவாய் 750,000 வெள்ளியைத் தாண்டும் வெளியீட்டார், தாண்டிய தொகையில் 25 விழுக்காடு வரை செலுத்த வேண்டும் என்பன அதன் சாரம். வருவாயில் 25 விழுக்காடு, ஆதாயத்தில் அன்று! மொத்த விற்பனையாளர்க்கும் கடைக்கும் கழித்தபின் நூலின் விலையில் ஏறத்தாழ 40 விழுக்காடே வெளியீட்டார் கைக்கு வருவது இவ்வணிகத்தின் வழக்கம். அச்சுக்கூலியும் எழுத்தாளர் ஊதியமும் அதற்குள். அவ்வாறாயின் எஞ்சுவது என்ன? எதிர்ப்பு அலையென எழுந்தது. நிறுவனம் கேட்ட கருத்துக்கணிப்புக்கு முதற்சில நாள்களிலேயே 15,000 பேருக்கு மேல் விடையளித்தனர். சனவரி 27ஆம் நாள் நிறுவனம் வரைவைக் கைவிட்டது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் தன்னாலேயே திரும்பப் பெற முடியாத பொது உரிமம் ஒன்றின் கீழ் வெளியிட்டது. பெயர் குறிப்பிட்டால் போதும், எவரும் எடுத்தாளலாம். 2025ஆம் ஆண்டில் திருத்திய பதிப்பின் விதிகளும் அவ்வாறே வெளிவந்தன.

அச்சில வாரங்களில் கடைகளில் நடந்தது வேறு. சினங்கொண்ட ஆட்டக்காரர்கள் பாத்ஃபைண்டரை நாடினர். எட்டுத் திங்களுக்குப் போதும் என்று வைத்திருந்த விதிநூல் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டதாகப் பைசோ அறிவித்தது. ஆயினும் அந்நிறுவனம் இனி எவர் உரிமத்தையும் நம்பியிருக்க விரும்பவில்லை. பிற வெளியீட்டாரோடு சேர்ந்து தனியே ஓர் உரிமத்தை வகுத்தது; 2023ஆம் ஆண்டு நவம்பர் முதல் தன் விதிநூல்களை எல்லாம் மாற்றி எழுதி வெளியிட்டது. முதல்நூலிலிருந்து வந்தவை என்று சொல்லத்தக்க நன்மை தீமைப் பிரிவுகளையும் மந்திரப் பகுப்புகளையும் களைந்தது. சிவப்பு, பச்சை, கறுப்பு என நிறத்தால் அறியப்பட்ட பழைய நாகங்கள் போய், மந்திர மரபுகளால் பெயர்பெற்ற புதிய நாகங்கள் 2024ஆம் ஆண்டில் வந்தன. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் மீண்டும் ஒரே தட்டில் அருகருகே நின்றன. அவற்றுள் எதை எத்தனை படி தருவிப்பது என்ற கணக்கு மீண்டும் கடைக்காரரிடமே வந்து சேர்ந்தது.